எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவில்

எங்கள் பகுதி மோட்டோர்த் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் மலர் ஒன்று போடுகிறார்களாம். "ஐயா, நீங்கள் கடந்து வந்த பாதையைப் பற்றி எழுதித் தாருங்கோ" என்று வந்து நின்றார்கள். நான் கடந்து வந்த பாதையில் பாதி, காருக்கு அடியில் முதுகால் ஊர்ந்து வந்த பாதை. அதை எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். விடவில்லை.

வந்தவர்களில் ஒருவன் கையில் புத்தகம் அளவில் மெசின் ஒன்று வைத்திருந்தான். காரில் செருகினால் பிழை எங்கே என்று இலக்கம் போட்டுச் சொல்லுமாம். வாசலில் நின்ற தன் காரிலேயே செருகிக் காட்டினான். சொல்லத்தான் செய்தது. நான் முகத்தைச் சுளித்து, எங்கள் காலம் போல வருமா என்று கேட்பேன் என எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. நானோ வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்னொரு தடவை செருகச் சொல்லியும் பார்த்தேன். மின்சார விஷயத்தில் எனக்கு வியப்பு ஒருநாளும் தீர்ந்ததில்லை. இனித் தீரப்போவதும் இல்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய வியப்பைப் பற்றி. அது ஒரு மனிதர்.

ஐம்பத்தாறில் உரும்பிராயிலிருந்து சைக்கிளில் யாழ்ப்பாணம் போய்க் கராஜ் ஒன்றில் சேர்ந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற வேலையிலிருந்து தப்புவதுதான் நோக்கம். வேறு இலட்சியம் ஒன்றும் இருக்கவில்லை. அங்கே எனக்குத் தந்த முதல் வேலை பற்றரிக்குத் தண்ணீர் விடுவது. தலைவிதியை நொந்துகொண்டு விட்டேன். பிறகு டைனமோ கழற்றவும் ஸ்ராட்டர் சுற்றவும் வயர் இழுக்கவும் பழகி, சில வருடங்களில் 'வயர்காரன்' என்று பெயர் எடுத்துவிட்டேன். பெயர் எடுத்த பிறகும், உள்ளுக்குள்ளே பயமும் ஆச்சரியமும் கலந்த ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

ஒரு மாரிகாலத்து விடியற்காலையில், மழை ஈரத்தில் ஸ்ராட் எடுக்க மறுத்த கார் ஒன்றின் பொனற்றைத் திறந்தேன். பிளக்குகளுக்குப் போகும் வயர்களின் மேல் நீல நிறத்தில் ஏதோ ஊர்ந்து ஓடியது. வயருக்குள்ளே ஓட வேண்டியது வெளியே வந்து விளையாடிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தால் போய்விடும் என்று தெரியும். ஆனாலும் துடைக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்னொன்று டைனமோ. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பற்றரியின் பிளஸ் பக்கம்தான் காரின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, சேரும். பிறகு வந்த ஜப்பான் கார்களில் மைனஸ் பக்கம். என்ஜின் வேலை முடிந்து பூட்டுகிற அவசரத்தில் பற்றரியை மாறிக் கொடுத்துவிட்டு, டைனமோ சார்ஜ் பண்ணவில்லை என்று தலையில் கை வைத்தபடி வருவார்கள். திருத்துவதற்குச் செய்ய வேண்டியது, பற்றரியைச் சரியாகப் பூட்டி, ஒரு வயரை எடுத்து டைனமோவின் ஒரு முனையில் கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுப்பது. சின்னதாக ஒரு பொறி. அவ்வளவுதான், உள்ளே இருக்கும் இரும்பு தன் வடக்கையும் தெற்கையும் மாற்றிக்கொண்டுவிடும். இதை எத்தனையோ கார்களுக்குச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கை எடுத்த பிறகு, நான்தானா இதைச் செய்தேன் என்று தோன்றும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கோப்பாய்ப் பக்கம் இருந்த கராஜ் ஒன்றில் வேலை செய்தேன். வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்து, புதுக்கார் என்பது கனவாகிவிட்ட காலம். பழைய ஒஸ்ரின் ஏ ஃபோட்டிகளையும் மொறிஸ் மைனர்களையும் என்ஜின் இறக்கி, சிலிண்டர் கடைந்து, பெயரிங் மாற்றி மறுபடி மறுபடி உயிர்ப்பித்துக்கொண்டிருந்தோம். என்ஜின் வேலை சூசையண்ணையுடையது. வயர் வேலை என்னுடையது.

சூசையண்ணை எங்கள் போர்மன், கராஜ் வேலையாட்களுக்குத் தலைவர். குருநகர்க்காரர், கடலில் ஓடுகிற லோஞ்சுகளின் என்ஜின்களில் வேலை பழகிக் கரைக்கு வந்தவர். வாயில் எப்போதும் ஒரு சுருட்டு இருக்கும். பெற்றோல் புழங்குகிற இடம் என்பதால் கராஜுக்குள் அதைப் பற்றவைக்க மாட்டார். பின்னேரம் வேலை முடிந்து படலையைத் தாண்டிய பிறகுதான் நெருப்பு. கார்க்காரர் யாராவது முறைப்பாட்டோடு வந்தால், கவிழ்த்து வைத்த தகரத்தில் அமர்ந்து, முழுக்கதையையும் கேட்பார். வந்தவர் கொழும்புக்குப் போன கதை, மாமியாருக்கு வருத்தம் வந்த கதை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். கடைசியில், "முடிஞ்சுதோ? இன்னும் ஏதும் கிடக்கோ?" என்று கேட்பார். அந்த 'இன்னும் ஏதும்' என்ற இடத்தில்தான் பெரும்பாலும் பிழை வெளியே வரும். அதுவரை ஒரு ஸ்பனரையும் தொட மாட்டார்.

என்ஜின் பூட்டும்போது அவருக்கு ஒரு முறை இருந்தது. கிராங்கைப் பூட்டி ஒவ்வொரு பெயரிங்கையும் இறுக்கிய பிறகும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். மனதுக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி கழற்றுவார். முதலாளி வந்து நின்று பெருமூச்சு விட்டாலும் கேளாதவர் போல இருப்பார்.

மின்சாரத்தை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "கண்ணாலை காணாத சாமான் மூண்டை நான் நம்புறன், லிங்கம்" என்று என்னைச் சீண்டுவார். "மாதா, அந்தோனியார், உன்ரை கரண்ட். முதல் ரண்டு பேரோடையும் கதைக்கவாவது ஏலும்."

"உங்கடை என்ஜினுக்குள்ளை மட்டும் என்ன, கண்ணாடி வைச்சே மூடி வைச்சிருக்கு?" என்று நானும் விடமாட்டேன். இப்படித்தான் எங்கள் பொழுது போகும்.

அந்தக் காலத்தில் எங்களிடம் என்ஜின் செய்ய வந்தது புத்தூர் செல்லத்துரையின் ஏ ஃபோட்டி. செல்லத்துரை வாடகைக்குச் சனம் ஏற்றி ஹயர் ஓடுகிறவர். கலியாண வீடு, செத்தவீடு, தெல்லிப்பழை ஆஸ்பத்திரி என்று அந்தப் பக்கத்துச் சனம் ஏறுகிற கார் அது. அவருடைய ஒரே மகன் லொறியில் கிளீனராகப் போய்க் கண்டி றோட்டில் விபத்தில் செத்துப்போனான். அதன் பிறகு அவர் மனைவி பொன்னம்மா, சந்தனப் பொட்டு வைக்காமல் காரை வீட்டுப் படலை தாண்ட விடுவதில்லை. விடிய எழுந்து அரைத்த சந்தனத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாராம். ஹயர் பிந்தினாலும் செல்லத்துரை பேசாமல் பொறுத்திருப்பார்.

என்ஜினை மறுபடி காருக்குள் இறக்குகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பார்த்து பொன்னம்மாவும் வந்திருந்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சங்கிலியில் தொங்கிய என்ஜினுக்கும் காருக்கும் பொட்டு வைத்தார். சூசையண்ணை வாயிலிருந்த சுருட்டை எடுத்துப் பொக்கற்றில் போட்டுவிட்டு, தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அன்று மூலையில் வேறொரு காரின் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கற்பூர வாசம் வந்தபோது நிமிர்ந்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி.

கார் போயிற்று. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு திரும்பி வந்தது.

"ஸ்ராட்டர் இழுத்தால் முனகுது, சுத்துதில்லை" என்றார் செல்லத்துரை. நாங்கள் பார்த்தபோது சுற்றியது; அனுப்பினோம். மறுபடி வந்தார். "சூடாய் நிண்டால் சுத்தாது. சோக்கை இழுத்துப்போட்டு ஸ்ராட் பண்ணினால் எடுக்குது. சனத்தை ஏத்திக்கொண்டு நடுறோட்டிலை நிண்டு தள்ள வேண்டிக்கிடக்கு."

சோக் என்பது என்ஜினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற ஒரு கம்பி. டாஷ்போர்ட்டில் குமிழை இழுத்தால் அந்தப் பக்கம் காபரேற்றரில் ஒரு மூடியை அசைக்கும். ஆகவே எல்லோரும் காபரேற்றரைக் கழற்றினார்கள். கழுவினார்கள், ஊதினார்கள், பூட்டினார்கள். ஒன்றும் மாறவில்லை. அதற்குள் றோட்டில் கதை வேறு விதமாகப் பரவிவிட்டது. போர்மன் பெயரிங்கை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார், அதுதான் ஸ்ராட்டருக்கு என்ஜினைச் சுற்ற ஏலவில்லை என்று. என்ஜின் இறக்கிச் செய்த எந்தக் காரையும் பற்றிச் சொல்லக்கூடிய கதைதான் அது. சொல்வதும் சுகம், நம்புவதும் சுகம்.

எங்கள் முதலாளி கெட்டவர் அல்லர். ஆனால் கராஜின் பெயர் கெடுகிறது என்றால் மனிதருக்கு இரத்தம் கொதித்துவிடும். எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது என்ஜின் பிழையோ, வயர் பிழையோ, நாளைக்கிடையிலை எனக்குத் தெரிய வேணும்" என்றார். "என்ஜின் இறுக்கம் எண்டால், சூசையண்ணை, நீங்கள் போர்மனாய் இருக்கிறதிலை அர்த்தமில்லை. வயர் எண்டால், லிங்கம், நீ வேறை இடம் பார். ஆரின்ரை கையாலை பிழை வந்துதோ அவர் பொறுப்புச் சொல்ல வேணும். சனம் ஏறுற கார் இது."

சூசையண்ணை காருக்கு முன்னால் போய், ஹாண்டிலைச் செருகி, ஒரு கையால் என்ஜினைச் சுற்றிக் காட்டினார். நெய் தடவினது மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது. நான் உடனே ஸ்ராட்டரைக் கழற்றி மேசையில் வைத்து, பற்றரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தேன். மேசையே அதிரச் சுழன்றது. அவருடைய வேலையும் சரி, என்னுடைய வேலையும் சரி. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் கார் முனகியது. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் உண்மையைச் சொல்ல வேண்டும். வேலை போகிற பயம் ஒரு பக்கம். அதைவிட, நான் தப்பினால் அவர் போக வேண்டும் என்ற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் செல்லத்துரையை மறுபடி கூப்பிட்டு, சூசையண்ணை தன் தகரத்தில் அமர்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவரும் சொன்னார். கேட்ட கதைதான்.

"முடிஞ்சுதோ? இன்னும் ஏதும் கிடக்கோ?"

"வேறையொண்டும் இல்லை. சோக்குக் குமிழ்தான் கையைச் சுடுது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெயில் கொளுத்துகிற ஊரில், வெயிலில் நிற்கிற காரில், எந்தக் குமிழ்தான் சுடாது? நானும் சிரிக்க வாயெடுத்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெயில் சுட்டால் எல்லாக் குமிழும் சுட வேண்டும். இவர் ஒன்றைத்தானே சொல்கிறார்.

இந்த இடத்தில் வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரில் எந்த விளக்குக்கும் எந்த மோட்டோருக்கும் பற்றரியிலிருந்து ஒரு வயர்தான் போகும். கரண்ட் திரும்பி வருவதற்கு வேறு வயர் கிடையாது. காரின் இரும்பு உடம்புதான் திரும்புகிற வழி. அதைத்தான் எர்த் என்கிறோம். ஆனால் என்ஜின் ரப்பர்த் துண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டை விடாது. ஆகவே என்ஜினிலிருந்து காரின் சட்டத்துக்குச் செம்புக் கம்பிகளைப் பின்னிய பட்டி ஒன்று பூட்டுவார்கள். பின்னல் போல இருப்பதால் எங்கள் கராஜில் அதற்குப் பெயர் சடை. என்ஜினை இறக்குகிறவர் சடையைக் கழற்றுவார், ஏற்றுகிறவர் பூட்டுவார். அந்த வேலை வயர்காரனுடையது அல்ல, என்ஜின்காரருடையது.

சடை பூட்டித்தான் இருந்தது. அதை எல்லோரும் பார்த்தோம். நானே இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை.

இருந்தாலும் ஒரு சின்னப் பல்ப்பை எடுத்தேன். அதன் ஒரு வயரை என்ஜினில் கவ்வவிட்டேன், மற்றதைக் காரின் சட்டத்தில். சூசையண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ரண்டும் எர்த்தடா. அதுக்கும் இதுக்கும் நடுவிலை பல்ப் வைச்சால் எப்பிடி எரியும்?"

"எரியக்கூடாது அண்ணை. அதைத்தான் பார்க்கிறன். நீங்கள் ஏறி ஸ்ராட்டரை இழுங்கோ. சோக்கை மட்டும் தொடாதையுங்கோ."

அவர் இழுத்தார். ஸ்ராட்டர் முனகியது. என் கையிலிருந்த பல்ப் எரிந்தது.

இதை எழுதும்போதும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவில் வெளிச்சம். ஒன்று என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இரண்டு இரும்புகளும் ஒன்று அல்ல, அவற்றுக்கு நடுவே யாரோ ஒரு சுவர் வைத்திருக்கிறார்கள் என்று அந்தச் சின்னப் பல்ப் சொல்லிற்று. கரண்ட் ஸ்ராட்டர் வரைக்கும் போய்விட்டு, வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நின்றிருக்கிறது.

"இப்ப சோக்கை இழுத்துப்போட்டு ஸ்ராட் பண்ணுங்கோ" என்றேன்.

இழுத்தார். பல்ப் மங்கியது. ஸ்ராட்டர் சுழன்றது. காபரேற்றருக்குப் போகிற சோக்குக் கம்பியின் துணி உறை முதலில் புகைந்தது. உறை பிரிந்த இடத்தில் கம்பி செந்தணலாகச் சிவந்தது. டாஷ்போர்ட்டின் இரும்பிலிருந்து என்ஜின் வரை ஓடுகிற கம்பி அது ஒன்றுதான். குமிழை இழுக்கும்போது அது விறைத்து இரும்பைத் தொடுகிறது. மூடியை அசைக்க என்று போட்ட மெல்லிய கம்பியில், ஒரு என்ஜினையே சுற்றுகிற கரண்ட் முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. சிவந்த கம்பிக்கு அரைச் சாண் தள்ளிக் காபரேற்றரின் பெற்றோல் கிண்ணம்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அவர் நிறுத்தி, இறங்கி வந்து பார்த்தார். சிவப்பு கறுப்பாகிக்கொண்டிருந்தது. செல்லத்துரை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி, "அம்மாளாச்சி, நேற்றும் சனத்தோடை போனனே" என்றார். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியைத் தானே தேடிப் பிடிக்கிற அந்தச் சாமானை நினைத்து எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. அது சனத்தை எரிக்கவும் தயாராக இருந்தது என்பதை நினைத்து நடுக்கமும் வந்தது.

செல்லத்துரையைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார் சூசையண்ணை. பிறகு காருக்கு அடியில் போனோம், இரண்டு பேரும். சடையைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டை நான் கழற்றினேன். சடையின் நுனியைத் தூக்கினேன். அடியில், வட்டமாக, மஞ்சளாக, காய்ந்து இறுகிப்போன ஏதோ ஒன்று இரும்பை மூடியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தேன். சந்தனம்.

எனக்கு விளங்கிவிட்டது. சடை பூட்டுகிற இடத்தை எமறித் தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி வைப்பது சூசையண்ணையின் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை அழுக்கும் எண்ணெயுமாய் இருந்த அந்தக் காரின் சட்டத்தில் பளபளவென்று இருந்தது அந்த ஒரு வட்டம்தான். பொன்னம்மா பொட்டு வைக்க வேறு எந்த இடத்தைத் தேடியிருப்பார்? தொடக்கத்தில் எங்கோ ஒரு விளிம்பில் செம்பு இரும்பைத் தொட்டிருக்க வேண்டும். ஓடுகிற அதிர்வில் அதுவும் விலகிவிட்டது. போல்ட்டின் புரியில் பழைய துரு; அந்த வழியால் பிளக்குக்குப் போதுமான கரண்ட் கசிந்ததே தவிர, ஸ்ராட்டருக்குப் போதவில்லை. குளிர்ந்த என்ஜினுக்கு எப்படியும் சோக்கை இழுப்போம்; அதனால்தான் முதல் தடவை எங்களிடம் வந்தபோது சுற்றியது.

"அண்ணை, இந்தப் பொட்டை நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான்."

"கண்டுமோ மேலாலை பூட்டினீங்கள்?"

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே அவர் சொன்னார்: "நான் வேதக்காரன். பிள்ளையைப் பறிகுடுத்த மனிசி, தன்ரை சாமியை நினைச்சு வைச்ச பொட்டு. அதை நான் எண்ணெய்த் துணியாலை துடைக்கிறதோ? போல்ட் இறுக்கினால் கரண்ட் போகும் எண்டு நினைச்சன். உன்ரை கரண்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதிச் சிரிப்பு. "அப்ப முடிஞ்சுது அண்ணை. என்ஜினும் இறுக்கம் இல்லை, வயரும் பிழை இல்லை. முதலாளியிட்டை நடந்ததைச் சொல்லுவம். அந்த அம்மா தெரியாமல் வைச்சது. இதிலை ஆரைக் குற்றம் சொல்லுறது?"

"ஒருதரும் அவவைக் குற்றம் சொல்ல மாட்டினம். அவ தன்னைச் சொல்லுவா." என் கையைப் பிடித்தார். "மகனுக்குப் பிறகு அந்த மனிசி உசிரோடை இருக்கிறது உந்தப் பொட்டாலைதான். தான் வைச்ச பொட்டாலை கார் சனத்தோடை எரியப் பார்த்தது எண்டு அவவின்ரை காதிலை விழுந்தால், அதுக்குப் பிறகு அவ எதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது? செல்லத்துரைக்கும் சொல்லாதை. முதலாளிக்கும் சொல்லாதை. அவர் நல்லவர், ஆனால் வாய் நிக்காது."

"அப்ப முதலாளி கேட்டால்?"

"அதை நான் பார்க்கிறன். நீ மாதாவாணை வாய் திறக்கக்கூடாது."

"எனக்கு மாதா இல்லை அண்ணை."

"அப்ப உன்ரை கரண்டாணை" என்றார். சிரிக்கவில்லை.

அவரே எமறித் தாளை எடுத்து, அந்த வட்டத்தைத் தேய்த்தார். தேய்க்கும் முன் உதிர்ந்த சந்தனத் துகளை உள்ளங்கையில் ஏந்தி, தன் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். நிலத்தில் விழ விடவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சடையைப் பூட்டி, புதுச் சோக்குக் கம்பி போட்டு, ஸ்ராட்டரை இழுத்தோம். தொட்டவுடன் எடுத்தது. என் பல்ப்பை மறுபடி நடுவில் வைத்துப் பார்த்தேன், இருட்டாகவே இருந்தது. செல்லத்துரைக்கு முகமெல்லாம் பல்.

முதலாளி வந்து கேட்டார். "என்ன பிழை?"

"சடைக்குக் கீழை ஊத்தை இருந்தது" என்றார் சூசையண்ணை. "நான் துப்புரவாக்காமல் பூட்டிப்போட்டன். சோக்குக் கம்பி சூடேறிக் கார் எரியப் பார்த்தது."

"ஊத்தையோ? நீங்களோ?"

"ஓம்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். "முதலாளி, அது..." என்று தொடங்கினேன். "லிங்கம்தான் கண்டுபிடிச்சவன்" என்று சூசையண்ணை என் சொல்லின் மேலேயே தன் சொல்லை வைத்தார். "அவன் இல்லாட்டில் இண்டைக்கும் நாங்கள் காபரேற்றரைக் கழுவிக்கொண்டு நிப்பம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து, பல்ப்பின் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

முதலாளி, பெயரிங் இறுக்கம் என்றாலும் மன்னித்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அது கைக்கணக்கு, யாருக்கும் பிசகலாம். ஊத்தையைத் துடைக்காமல் பூட்டினார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. "சனம் ஏறுற கார், சூசையண்ணை" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம், "நாளையிலை இருந்து நீ போர்மன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொன்னம்மா கடைசிவரை அந்தக் காருக்குப் பொட்டு வைத்துத்தான் அனுப்பினார். செல்லத்துரையும் போய், அவரும் போய்விட்டார். சூசையண்ணையும் போய் வெகுகாலம். அதனால்தான் இதை எழுதுகிறேன். கண்ணால் காணாத கரண்டை வாழ்நாள் முழுதும் பார்த்து வியந்தவன் நான். ஒரு மனிதர் தன் பத்து விரலாலும் சம்பாதித்த பெயரை, வேறொரு வீட்டுப் பெண்ணின் மனம் உடையக்கூடாது என்பதற்காக, ஒரு சொல்லால் தூக்கிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது வந்த வியப்பு வேறு. அதை அளக்க என்னிடம் ஒரு பல்ப்பும் இருக்கவில்லை.

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. அவர் இனி வரமாட்டார், குருநகருக்கே போய் லோஞ்ச் வேலையைத் தேடிக்கொள்வார் என்று நினைத்தேன். காலையில் நான் போனபோது அவர் எனக்கு முந்தி வந்து, படலையைத் திறந்து, கராஜைக் கூட்டி முடித்திருந்தார். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். அத்தனை வருடம் என்னை 'டேய்' என்றும் 'லிங்கம்' என்றும் கூப்பிட்ட மனிதர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து நின்றார்.

"போர்மன், இண்டைக்கு எனக்கு என்ன வேலை தாறியள்?"

கேலி உண்டா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கோபமும் இல்லை. உண்மையாகவே கேட்டுக்கொண்டு நின்றார். மூலையில் நின்ற மொறிஸ் மைனரைக் காட்டி, அதன் என்ஜினை இறக்க வேண்டும் என்று எப்படியோ சொன்னேன்.

"ஓம்" என்றார். நான் சொன்ன வேலைக்குப் போனார்.